இறால் பையோடு இறால் பண்ணைக்கு

இந்தத் தை மாதம் ஒரு ஞாயிறு, கபீரைப் பார்த்தே ஆகவேண்டும் என்று கிளம்பிவிட்டேன். கல்லூரியில் ஒரே பெஞ்சு. இப்போது மாமல்லபுரம் தாண்டி உப்பங்கழி ஓரம் குத்தகைக்கு இறால் வளர்க்கிறான்.

செங்கல்பட்டில் காலை 7.10 பேருந்து. திருக்கழுக்குன்றம் வழியாக முப்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், டிக்கெட் 27 ரூபாய். மாமல்லபுரத்தில் இறங்கி ஒரு கிலோ இறால் வாங்கினேன், 400 ரூபாய். இறால்காரனுக்கே இறாலா என்று சிரிக்காதீர்கள். அறுவடைக்கு முன் அவன் வீட்டில் குளத்து இறாலைத் தொடமாட்டார்கள். கல்லூரி நாட்களில் அவன் அப்பாவின் பண்ணைக்கு நான்தான் வெளியிலிருந்து வாங்கிப்போவேன். கரையிலேயே சமைப்போம். தலை, தோல், கழுவிய தண்ணீர் எல்லாம் குளத்துக்குள்தான் போகும். இறாலுக்கும் விருந்து வேண்டாமா என்று கேலி பேசுவோம். அந்த நாட்களை நினைத்தால் இன்றும் ஏக்கமாக இருக்கிறது.

அங்கிருந்து ஆட்டோ, ஆறு கிலோமீட்டர், 180 ரூபாய். கேட்டில் கபீரின் மனைவி மும்தாஜ் பையில் என்னவென்று கேட்டார். சொன்னதும் முகம் மாறிவிட்டது.

“தப்பா நினைக்காதீங்கண்ணா, பச்ச இறால உள்ள எடுத்தாரக் கூடாது. குஞ்சு வுட்டு எழுவது நாள் ஆன குளம் இது. போன தபா மொத்தமும் போச்சி.”

பையை ஆட்டோக்காரரிடமே கொடுத்துவிட்டேன். கேட்டில் மீன்வளத்துறை கையேட்டின் ஒரு பக்கத்தை லேமினேட் செய்து மாட்டியிருந்தார்கள். மருந்துத் தண்ணீரில் கால் நனைத்து வரவும். குளத்துக்குக் குளம் தனி வலை. கழிவுநீரைத் தெளியவைத்தே கழியில் விடவும். அடுத்த வரி: வெளி இறாலோ அதன் கழிவோ உள்ளே கூடாது, வெள்ளைப்புள்ளி நோய் அதன் வழியாகவும் பரவும்.

அந்த வரியை இன்னொரு முறை படித்தேன். நாங்கள் கடைசியாகச் சமைத்துச் சாப்பிட்ட சில நாட்களில்தான் அந்தப் பழைய குளத்து இறால் மொத்தமும் கரையோரம் ஒதுங்கிச் செத்தது. அவன் அப்பா பண்ணையை விற்றார். தண்ணீர் கெட்டுவிட்டது என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டோம்.

தண்ணீரின் ஆக்சிஜன் அளவைப் போனில் பார்த்தபடி கபீர் வந்தான். நாம் போட்ட தலையும் தோலும்தான் காரணமா என்று கேட்டேன்.

“இருக்கலாம் மச்சான். டிரெய்னிங்ல சொன்னப்பவே நெனச்சேன், அஞ்சி வருசமாவுது. சொன்னா நீ இந்தப் பக்கமே வரமாட்டேன்னுதான் வுட்டுட்டேன்.”

பண்ணை பார்க்கப் போகிறவர்கள் முன்கூட்டியே போன் செய்யுங்கள். அதே நாளில் வேறு பண்ணைக்குப் போயிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். மாசியில் அறுவடை, நானும் போகிறேன். அவன் அப்பாவும் வருகிறார். அவருக்கு இது இன்னும் தெரியாது. நானே சொல்வதாகக் கபீரிடம் சொல்லியிருக்கிறேன்.