வேலிப் பொட்டுக்கு எந்தப் பிளானிலும் இடமில்லை

வீட்டுப் பிளான் கீறுகிற தொழிலில் வீட்டைக் கீறுவது சின்ன வேலை. பெரிய வேலை, வேலியைப் பற்றி மற்றவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பது. அச்சுவேலிச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு ஹாட்வெயார்க் கடையின் மேல்மாடியில் இருந்துகொண்டு அதைத்தான் செய்கிறேன். உங்களில் வீடு கட்டியவர்கள், கட்டப் போகிறவர்கள், எல்லைக்கல் தேடிப் பற்றைக்குள் கால் கிழிந்தவர்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர். அறை எத்தனை, குசினி எந்தப் பக்கம் என்பதெல்லாம் சுருக்காக முடிந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரர் எவ்வளவு பொல்லாதவர் என்று தொடங்கினால் தேத்தண்ணி ஆறி, திரும்பச் சூடாக்கி, திரும்ப ஆறும். கோப்பாயில் வேலிகளுக்கு நடுவே போகிற ஒரே ஒரு ஒழுங்கையில் எனக்கு நடந்ததை மட்டும் இங்கே சொல்கிறேன்.

வளைவுக்கு வளைவு விசாரணை

அந்த ஒழுங்கைக்குள் முதல்நாள் ஸ்கூட்டியில் போனபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. நேரே போகவேண்டியது இரண்டு இடத்தில் காரணமில்லாமல் வளைகிறது. முதல் வளைவில் வேகத்தைக் குறைத்தேன். வேலிக்கு மேலால் ஒரு முகம், ஆர் வீட்டுக்கு என்று கேட்டது. சொன்னேன். அடுத்த வளைவில் இன்னொரு முகம். அதற்கு நான் யாரென்றே தெரிந்திருந்தது. யோகம்மாவின் வாசல் படலையில் நான் இறங்கும்போது பிளான் கீறுகிற பிள்ளை வருகிறாள் என்று உள்ளே சேதி போய், அடுப்பில் கேத்தல் கொதித்துக்கொண்டிருந்தது. என்னை முந்திக்கொண்டு சேதி எந்த வழியால் போனது என்று அன்று எனக்கு விளங்கவில்லை. வளைவு இருந்தால் மெதுவாகத்தான் போகவேண்டும், மெதுவாகப் போனால் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும் என்பது மட்டும் விளங்கியது. கமெரா வருவதற்கு எத்தனையோ காலம் முன்னமே அந்த ஒழுங்கையில் காவல் இருந்திருக்கிறது.

யோகம்மா புருசனை இழந்து தனியே இருக்கிறவர். மகன் குகன் கனடாவில். வீடியோவில் வந்தான். பழைய வீட்டை இடித்துப் புதுவீடு, கிளுவை வேலியை முற்றாகக் கிளப்பிவிட்டுச் சுற்றிவர ஆளுயரத்துக்கு மேல் மதில், ஒரு கோழி நுழைய இடம் இருக்கக்கூடாது என்றான். அவன் பயமும் நியாயமானதுதான். தாய் தனிய, ஊரில் கள்ளர் கதை, அவனுக்கு அங்கே நித்திரை இல்லை. யோகம்மா எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டினார். அழைப்பை வெட்டிய பிறகு என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "மதில் நல்லதுதான் பிள்ளை. பின்பக்கத்தை மட்டும் எல்லாத்துக்கும் கடைசியாக் கட்டச் சொல்லுங்கோ."

உறுதியில் இல்லாத வழி

பின்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று மேசன் அருளப்பு அண்ணையோடு அளவு நாடாவை இழுத்துக்கொண்டு போனேன். அண்ணை குருநகர் ஆள். சுற்றிவளைத்துக் கதைக்கத் தெரியாதவர். வேலியில் ஓரிடத்தில் ஊன்றிய கதியால்கள் இரண்டு விலகி, ஓர் ஆள் சரிந்து புகுந்து போகக்கூடிய இடைவெளி. அதைத்தான் எங்கள் பக்கத்தில் பொட்டு என்போம். நிலம் அங்கே மட்டும் சீமெந்து போட்டதுபோல் இறுகிக் கிடந்தது. காணி உறுதிப் பத்திரத்தில் தேடினேன், நிலம் அளந்த சேவையரின் வரைபடத்தில் தேடினேன், இல்லை. யார் வரைவார்கள் அதை?

பொட்டுக்கு அந்தப் பக்கம் யோகம்மாவின் தங்கை சரோவின் வீடும் வளவும். சரோவின் வீட்டு வாசல் அடுத்த ஒழுங்கையைப் பார்த்திருக்கிறது. அக்காவும் தங்கையும் கதைத்து வருடக்கணக்காகிறது. யோகம்மாவின் மகள் கலியாணத்துக்குச் சரோவுக்கு வீடு தேடிப்போய்ச் சொல்லாமல் போனில் சொல்லிவிட்டார்கள். உங்களுக்குத் தெரியும், இது எங்களிடம் சின்னக் குற்றமில்லை. சரோ கலியாணத்துக்குப் போகவில்லை, அதன் பிறகு அக்காவும் வாய் திறக்கவில்லை. ஆனால் யோகம்மாவின் கிணறு உவர். குடிக்கிற தண்ணீர் சரோவின் கிணற்றில்தான்.

நாங்கள் அளந்துகொண்டு நிற்கும்போதே நடந்தது. யோகம்மா குடத்தோடு பொட்டால் போனார். கிணற்றடியில் நின்ற சரோ திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு வாளி அள்ளிக் கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டு உள்ளே போனார். யோகம்மா அதைக் குடத்தில் ஊற்றி, வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தார். ஒரு சொல் இல்லை, ஒரு பார்வை இல்லை. வேலி யோகம்மாவின் பங்கு. வருடாவருடம் அடைக்கிறபோது கூலிக்காரரிடம் நாலு தென்னோலைக் கிடுகு சேர்த்துக் கட்டச் சொன்னால் பொட்டு மூடிவிடும். எந்த வருடமும் சொல்லவில்லை. நான் வேலிக்கு மேலால் சரோவிடம், இனி மதில் வரப்போகிறது, தெரியுமா என்று கேட்டேன். அவர் கையைச் சீலையில் துடைத்தபடி சொன்னார்: "நான் அவவோடை கதைக்கிறேல்லை பிள்ளை. அவ தண்ணி அள்ள வாறதிலை எனக்கென்ன கோவம்?"

ஒழுங்கைக்குப் பின்னால் ஒழுங்கை

பிறகு மாரி வந்தது. ஒருநாள் யோகம்மா வீட்டில் இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டு, ஒழுங்கை வாய்க்காலாகிவிட்டது. ஒழுங்கையைத் தாழ்வாக வெட்டி வளவுகளை உயர்த்தி வைத்தது ஏன் என்று அப்போதுதான் பார்த்தேன். வீடுகளுக்குள் ஒரு சொட்டு ஏறவில்லை. வெள்ளம் முழுவதும் ஒழுங்கைக்குள் இறங்கி, வளைவுகளில் முட்டி வேகம் குறைந்து, மண்ணை அரிக்காமல் குளத்தின் பக்கம் போனது. நான் காரணமில்லை என்று நினைத்த வளைவுகள்.

அது சரி, நான் எப்படி வீட்டுக்குப் போவது? முழங்கால் தண்ணீரில் ஸ்கூட்டி ஓடாது. யோகம்மா பக்கத்து வீட்டுக் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சரைக் கூப்பிட்டு, என்னைப் பெரிய றோட்டில் விடச் சொன்னார். அவர் குடையை விரித்துக்கொண்டு ஒழுங்கைப் பக்கம் திரும்பவே இல்லை. நேரே யோகம்மாவின் பொட்டால் சரோவின் வளவுக்குள், அங்கிருந்து இன்னொரு பொட்டால் அடுத்த வளவுக்குள், மாட்டுக் கொட்டிலைச் சுற்றி, வாழைக்குள்ளால், ஒரு குசினிக் கதவடியால், ஒரு சாமியறை யன்னலைக் கடந்து போய்க்கொண்டே இருந்தார். ஒவ்வொரு வளவிலும் ஒரு பொட்டு. ஒவ்வொன்றும் அடுத்ததைப் பார்த்தபடி. ஒருவரும் ஏன் எங்கள் வளவுக்குள் வருகிறீர்கள் என்று கேட்கவில்லை. ஒரு வீட்டில் துவாய் தந்தார்கள், இன்னொரு வீட்டில் பிளேன்ரீ குடித்துவிட்டுத்தான் போகவேண்டும் என்றார்கள். ஊரடங்கு போட்ட காலத்தில் ஊர் முழுக்க இதால்தான் போய் வந்தது, பிள்ளைப்பேற்றுக்குக்கூட ஒருத்தியை இதால்தான் தூக்கிக்கொண்டு போனோம் என்று மனேச்சர் சர்வசாதாரணமாகச் சொன்னார். என்னை முந்திச் சேதி போன வழி இதுதான்.

நான் படித்த படிப்பில் ஒழுங்கை என்றால் இரண்டு கோடு. அந்த இரண்டு கோட்டுக்குப் பின்னால் ஒரு முழு வீதி இருந்திருக்கிறது, எவரும் கீறாமல், எவருக்கும் சொந்தமில்லாமல். அதன் நடுக்கண்ணி யோகம்மாவின் வேலி. குகன் சொன்ன மதில் வந்தால் இந்த வீதி அங்கே அறுந்துவிடும். அதை மனேச்சரிடம் சொன்னேன். அவருக்கு அதில் ஒரு புதினமும் தெரியவில்லை: "றோட்டாலை போனா கெதியிலை போயிடலாம் பிள்ளை. இதாலை போறதிலை ஒரு கரைச்சல், எல்லா வீட்டிலையும் தேத்தண்ணி குடிக்கோணும்."

வெள்ளம் வடியும் திறப்பு

நான் பிளானில் பின்மதிலில் ஓர் இடைவெளி விட்டு, 'வெள்ளம் வடியும் திறப்பு' என்று எழுதினேன். பொய்யில்லை, மழையன்று அதால் தண்ணீரும் போனதை நான் கண்டேன். குகனுக்கு அனுப்பினேன், தண்ணீருக்கு வழி விட்டிருக்கிறேன் என்றும் சொன்னேன். அவன் போனில் பெரிதாக்கிப் பார்த்தது கார் நிற்கிற இடத்தை மட்டும். நல்லது என்று கட்டைவிரல் அனுப்பினான்.

பிளான் பார்க்கிற உத்தியோகத்தர் அப்படி விடுகிற ஆளில்லை. திறப்பின் மேல் பென்சிலை வைத்து, இது ஆளுயரத்துக்கு இருக்கிறதே, வெள்ளம் நின்றுகொண்டா போகும் என்று கேட்டார். பிறகு அவரே முத்திரையைக் குத்தினார். பிளானைச் சுருட்டி நீட்டும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார்: "எங்கடை வீட்டிலை நாங்கள் இதைக் காத்தோட்டம் எண்டு போட்டு எடுத்தனாங்கள்."

கொளுக்கி எந்தப் பக்கம்?

வீடும் மதிலும் முடிந்து, ஆவணியில் குகன் வந்தான். மதிலைத் தட்டித் தட்டிப் பார்த்துச் சந்தோசமாகச் சுற்றிவந்தவன் பின்பக்கத்தில் நின்றுவிட்டான். வெள்ளம் வடிய விட்ட வழியால் சரோவின் கோழி ஒன்று அவனைப் பார்த்தபடி வந்துகொண்டிருந்தது. எனக்குப் போன் வந்தது. போனேன். திறப்பருகே சீமெந்துக் கல் அடுக்கியாகிவிட்டது. தான் பறக்குமுன் இதை அடைக்கவேண்டும், அம்மாவுக்குத் தண்ணீர் வடிகட்டுகிற மெசின் வாங்கிக் கொடுத்தாயிற்று, இனி அங்கே போக என்ன தேவை என்றான். அவன் கேட்டது சரிதான். யோகம்மா அந்தக் கல்லடுக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். வாய் திறக்கவில்லை. காலையில் இருந்து சாப்பிடவும் இல்லை என்று தெரிந்தது.

அருளப்பு அண்ணை சாந்து குழைக்காமல் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, கல்லுக்குப் பதில் ஓர் இரும்புப் படலை போட்டால் என்ன தம்பி, இரவில் பூட்டலாமே என்றார். குகன் தாயின் முகத்தைப் பார்த்துவிட்டு இறங்கிவந்தான். படலை வந்தது. படலையைப் பூட்டுகிற கொளுக்கி எந்தப் பக்கம் என்று அண்ணை கேட்டபோதுதான் எனக்கு விளங்கியது. கொளுக்கி யார் பக்கமோ, வழியும் அவருடையதுதானே. யோகம்மா முதல்தடவையாக வாய் திறந்தார். கொளுக்கி அங்கால் பக்கம் இருக்கட்டும், அவளுக்கு நான் வாறது விருப்பமில்லாத நாளில் பூட்டட்டும் என்றார். அண்ணை திறப்பால் போய்ச் சரோவிடம் சொன்னார். அக்கா தனிய இருக்கிறவ, கொளுக்கி அவவின் பக்கம் இருந்தால்தான் பாதுகாப்பு என்று சரோ சொல்வது மதிலுக்கு இந்தப் பக்கம் எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. யோகம்மாவுக்கும் கேட்டது. அவர் சீலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார்.

அண்ணை படலையைப் பிணைச்சலில் மாட்டினார். கொளுக்கியைத் திரும்பத் தன் சாக்குப் பைக்குள் போட்டார். கொளுக்கி இல்லாத படலை எதற்கு என்று குகன் கேட்டான். அண்ணை கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "அது உங்களுக்காகத் தம்பி. கனடாவிலை இருந்து பாக்கேக்கை படலை தெரியும்தானே."

சோளகம்

குகன் போன பிறகு ஒருநாள், மதிலின் கடைசி அளவு பார்க்கப் போனேன். சோளகக்காற்று மரத்தை முறிக்கிறமாதிரி வீசிக்கொண்டிருந்தது. பூட்டில்லாத படலை அதுபாட்டுக்கு அடித்துக்கொண்டு கிடந்தது. யோகம்மா குடத்தோடு போனார். மெசின் குசினியில் பொலித்தீன் உறை கழற்றாமல் இருந்தது. சரோ வழக்கம்போல வாளியைக் கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டு உள்ளே போனார். யோகம்மா நிறைத்துக்கொண்டு திரும்பி, படலையைத் தாண்டி இந்தப் பக்கம் காலை வைத்தார். படலை பின்னால் படாரென்று திறந்து மதிலில் மோதியது.

குசினி வாசலில் இருந்து சரோவின் குரல் வந்தது: "அக்கா, படலையைச் சாத்திப்போட்டுப் போங்கோ. கோழி முழுக்க அங்காலை போயிடும்."

யோகம்மா அப்படியே நின்றார். குடத்தில் இருந்து தண்ணீர் அவர் காலில் வழிந்தது, அது அவருக்குத் தெரியவில்லை. கலியாண வீட்டில், செத்த வீட்டில், கோயில் திருவிழாவில் எத்தனை பேர் இவர்கள் இரண்டு பேரையும் சேர்த்து வைக்கப் பார்த்துத் தோற்றுப்போனார்கள். குடத்தை மெல்லக் கீழே வைத்துவிட்டு, அவர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "சாத்தினா நிக்குதில்லையடி. நீ ஒரு கல்லு எடுத்துக்கொண்டு வா."

அதனால், இப்போதெல்லாம் பிளான் கேட்டு வருகிறவர்களிடம் எத்தனை அறை வேண்டும் என்று கேட்பதற்கு முன், பின்வளவுக்காரரோடு எத்தனை வருடமாகக் கதையில்லை என்று கேட்டு வைத்துக்கொள்கிறேன்.