ஓடுகிறவளுக்கு முப்பத்தொரு புள்ளி

பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிப் பக்கம் போகும் பஸ்ஸில் தினமும் போய், தோட்டப் பாடசாலை ஒன்றில் சுகாதாரமும் உடற்கல்வியும் படிப்பிக்கிறேன். எங்கள் மைதானம் மலையை வெட்டி எடுத்த ஒரு துண்டு நிலம். ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் பள்ளம். பந்து பள்ளத்தில் விழுந்தால் அன்றைய பாடம் அத்தோடு முடிந்தது. நூறு மீற்றர் ஓட அங்கே இடம் போதாது என்பதால் தோட்டத்து ரோட்டுக்குத்தான் போவோம்.

தரம் ஒன்பதில் ஒரு பிள்ளை இருந்தாள். அந்த ரோட்டில் அவளோடு சேர்ந்து ஓடப் பையன்களே தயங்குவார்கள். வலயப் போட்டியில் முதலாவதாக வந்து மாகாணப் போட்டிக்குத் தெரிவாகியிருந்தாள். அந்தத் தவணைப் பரீட்சையில் என் பாடத்தில் அவள் எடுத்தது முப்பத்தொரு புள்ளி. பாடத்தின் பெயரில் உடற்கல்வி இருந்தாலும் பரீட்சை முழுக்க எழுத்துதான்.

ரிப்போட் கொடுத்த மறுநாள் காலை, தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகாமல் அவளுடைய அம்மா பாடசாலைக்கு வந்தார். மகள் பின்னால் நின்றாள்.

"டீச்சர், ஓடுற பாடத்துலயே இவ பெயிலாங்க?"

"அது எழுத்துப் பரீட்சைங்க. ஓடுறதுக்கு அதுல புள்ளி இல்ல."

"அப்ப ஓடி என்னங்க புண்ணியம்? பிராக்டிஸ்னு சொல்லி இருட்டுன பெறகுதான் லயத்து வீட்டுக்கு வர்றா. மாகாணமும் வேணாம், ஒண்ணும் வேணாம். வீட்டுல உக்காந்து படிக்கட்டும்."

அவர் கோபத்தில் பேசவில்லை. முடிவு செய்துவிட்டு வந்திருந்தார். நான் விடைத்தாளை எடுத்துப் பார்த்தேன். எழுதியிருந்தவை பெரும்பாலும் சரி. பாதிக்கு மேல் வெறுந்தாள். இருவரையும் மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், அதே கேள்விகளை அவளிடம் வாயால் கேட்டேன். அஞ்சலோட்டத்தில் கோலை எப்படிக் கைமாற்றுவது என்று கேட்டதும், கீழே கிடந்த ஒரு குச்சியை எடுத்து இரண்டு விதமாகச் செய்து காட்டினாள். எந்தச் சாப்பாட்டில் இரும்புச் சத்து இருக்கிறது என்பதைச் சொன்னாள். தசைகளைப் பற்றிய கேள்விக்கு மட்டும் தப்பாகச் சொன்னாள்.

"இவ்வளவும் தெரிஞ்சுக்கிட்டு ஏண்டி எழுதாம வந்த?" என்றார் அம்மா.

"எழுத்துக் கூட்டி எழுதுறதுக்குள்ள மணி அடிச்சிருதும்மா."

அம்மா மகளின் கையிலிருந்த குச்சியை வாங்கிக் கீழே போட்டார். பிறகு, "ஓடட்டும், ஆனா இருட்டுறதுக்கு முன்ன வீட்டுல இருக்கணும். அதுக்கு ஒரு வழி பண்ணுங்க டீச்சர்" என்றார். மறுநாளிலிருந்து நான் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, பயிற்சியைக் காலைக்கு மாற்றினேன்.

பாடசாலை அதிபரிடம் விஷயத்தைச் சொன்னேன். "தவணைப் பரீட்சைப் புள்ளியில கை வைக்க ஏலாது. வகுப்புக் கணிப்பீடு உங்க பொறுப்புதானே, அதுல செய்யிறத செய்யுங்க" என்றார். அதுவரை வகுப்பில் நானே புள்ளி போடும் அந்தக் கணிப்பீட்டுக்கு, வீட்டில் ஒப்படை எழுதி வரச் சொல்வதே என் வழக்கம். அஞ்சலோட்டப் பாடத்துக்கு, பாதிப் புள்ளி ஓடிச் செய்து காட்டுவதற்கு, மீதி வாயால் பதில் சொல்வதற்கு என்று வகுப்பில் அறிவித்தேன்.

அந்தப் பிள்ளைக்கு நல்ல புள்ளி வந்தது. வகுப்பில் எப்போதும் முதலாவதாக வரும் மாணவன் கோலை இரண்டு முறை கீழே போட்டான். பாடம் முடிந்ததும் நேராக என்னிடம் வந்தான்.

"எனக்கு ஓட வராதுன்னு உங்களுக்கே தெரியும் டீச்சர். நான் எல்லாத்தையும் படிச்சிட்டுத்தான் வந்தேன். இது நியாயமா?"

அந்த அம்மா கேட்டது எவ்வளவு சரியோ, இவன் கேட்டதும் அவ்வளவு சரி. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் வழி முழுக்க அதையே யோசித்துக்கொண்டு போனேன்.

அடுத்த வாரம் திரும்பவும் மாற்றினேன். வேகத்துக்குப் புள்ளி இல்லை. கையைச் சரியாக நீட்டுகிறார்களா, கோல் கைக்கு வரும்வரை முன்னால் பார்க்கிறார்களா, முதல் நாள் செய்ததைவிட இப்போது திருந்தியிருக்கிறதா என்பவற்றை மட்டும் பார்த்தேன். சின்னதாக ஒரு எழுத்து வேலையும் வைத்து, தேவையானவர்களுக்குக் கூடுதல் நேரம் கொடுத்தேன். ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கவனிக்க வேண்டியிருந்ததால் எனக்கு வேலை இரட்டிப்பானது. மழை வந்தால் எல்லாம் தள்ளிப் போகும். அந்த மாணவன் இடைவேளைகளில் குச்சியை வைத்துப் பழகி, கடைசியில் கீழே போடாமல் வாங்கினான். ஓட்டம் மட்டும் அவனுக்குக் கடைசிவரை வரவில்லை.

மாகாணப் போட்டியில் அவள் நாலாவதாக வந்தாள். பதக்கம் இல்லை. ஊருக்கு வரும்போது, வேன் வளைவுகளில் திரும்பும்போதெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டே வந்தாள். அடுத்த தவணையில் என் பாடத்தில் மட்டுமட்டாகப் பாஸானாள்.

ரிப்போட் வாங்க அம்மா மறுபடியும் வந்தார். தாளை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"மாகாணத்துல நாலாவது வந்தாளே, அத இதுல எங்க போட்டிருக்கீங்க?"

அதற்கென்று ஓர் இடம் அதில் இல்லை. வகுப்பாசிரியரின் குறிப்புக்கு விட்டிருந்த வரியில், அவரிடம் கேட்டுக்கொண்டு நானே எழுதிக் கொடுத்தேன். மை காயும்வரை ஊதிவிட்டு, கொழுந்து நிறுக்குமுன் போக வேண்டும் என்று அம்மா அவசரமாக இறங்கிப் போனார்.