குரலம்மா லைனுக்கு வைத்த காவல்

குரலம்மா நாற்காலியில் உட்கார்ந்ததும் முதலில் ரூட்டரின் மேல் புறங்கையை வைத்துப் பார்க்கிறார், காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியைத் தொடுவது போல. “சுடுது. ஆனா கொதிக்கல” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கிழிந்த அட்டை ஒன்றால் அதற்கு நாலு விசிறு விசிறுகிறார். பிறகுதான் ஹெட்போனை மாட்டுவது. மாட்டியதும் ஒரு பெருமூச்சு. சுவருக்கு இந்தப் பக்கம், அடுத்த வீட்டில் இருக்கும் எனக்கே அது கேட்கும்.

அவர் செய்வது தொலைபேசி மொழிபெயர்ப்பு. எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் டாக்டர் வேறு மொழி பேசுவார். எதிரே இருக்கும் நோயாளிக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். இருவருக்கும் நடுவில் மேசைமேல் ஸ்பீக்கர் போட்ட போன் ஒன்று இருக்கும். அந்தப் போனுக்குள் இருப்பவர் இவர். வீட்டில் தட்டுமுட்டுச் சாமான் கிடந்த ஜன்னலில்லாத அறையைக் காலி செய்து, சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவரில் பழைய போர்வைகளைத் தொங்கவிட்டு, அதற்குள் உட்கார்ந்து பேசுகிறார். முகம் வெளியே தெரிவதில்லை, குரல்தான் தெரியும் என்பதால் இந்தக் கட்டடத்துப் பிள்ளைகள் வைத்த பெயர் குரலம்மா.

இந்த வேலையில் ஒரு விதி உண்டு. டாக்டர் ‘நான்’ என்றால் இவரும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். நோயாளி ‘எனக்கு’ என்றால் ‘எனக்கு’. ‘அவர் சொல்கிறார்’ என்பதெல்லாம் கூடாது. இது தெரியாமல் நான் குடிவந்த புதிதில், “நாளைக்குக் காலைல உங்க வயித்த அறுக்கப் போறேன், அதுவரைக்கும் எதுவும் சாப்பிடாதீங்க” என்று சுவர் வழியாக நிதானமான குரல் ஒன்று வர, பதறிப்போய் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டினேன். கதவைத் திறந்தவர் அவருடைய வீட்டுக்காரர். வயிறு முழுசாக இருந்தது. வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தார். “உள்ள டாக்டர் இருக்காங்க, மெதுவாப் பேசுங்க” என்றார். அவர் லிஃப்ட் மெக்கானிக், எதற்கும் அலட்டிக்கொள்ளாதவர்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. இன்டர்நெட் லைன்தான் போவதும் வருவதுமாக உயிரை எடுத்தது. கம்பெனிக்குப் போன் செய்தால் ஒரே பாட்டு: “எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு மேடம். ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க.” ஆள் அனுப்புவார்கள். அவர் படியேறும்போதே லைன் நல்ல பிள்ளையாகிவிடும். இறங்கிப் போனதும் பழைய குருடி கதைதான். “ஆஃப் பண்ணி ஆன் பண்ணுன்னு எல்லாரும் சொல்றாங்க தம்பி. எனக்கே அப்படி ஒரு பட்டன் இருந்தா தேவல” என்பார் குரலம்மா, சிரிக்காமல்.

ஒருநாள் ஒரு பெண்ணுக்குச் சோதனை முடிவு சொல்கிற அழைப்பு வந்தது. மார்பில் கட்டி. டாக்டர் தன் மொழியில் ஒரே மூச்சில் நல்ல சேதியைச் சொல்லிவிட்டார். தமிழில் அந்த ‘இல்லை’ கடைசியில்தானே வரும்? “நாங்க பயந்த மாதிரி உங்க கட்டியில…” என்று குரலம்மா ஆரம்பித்தார். ரூட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது. “…எதுவும் இல்லம்மா” என்று அவர் சொன்னது செத்துப்போன ஹெட்போனுக்கு மட்டும்தான் கேட்டது.

திரும்பக் கூப்பிட வழியில்லை. நோயாளியின் பெயரோ எண்ணோ ஊரோ இவருக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. அறுந்த அழைப்பு, அப்போது சும்மா இருக்கும் வேறு யாருக்காவது போய்விடும். “அதான் வேற யாராச்சும் சொல்லியிருப்பாங்கல்ல, விடு” என்றார் வீட்டுக்காரர். “சொல்லியிருப்பாங்க. அதுவரைக்கும் அந்தப் பொண்ணு என் வாய்ல இருந்து வந்த பாதிய வெச்சுகிட்டு உக்காந்திருப்பாளே” என்றார் இவர். அன்று தட்டில் போட்டது அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு வாக்கியத்தையே திருப்பிப் போடப் பழகிக்கொண்டார். “இல்லங்க, பயந்த மாதிரி எதுவும் இல்லங்க” என்று இப்போதெல்லாம் ‘இல்லை’தான் முதலில் வருகிறது.

அதோடு முடியவில்லை. இன்னோர் அழைப்பு அறுந்தால் வேலையிலிருந்து நீக்கிவிடுவோம் என்று மொழிபெயர்ப்புக் கம்பெனியின் மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார்.

ரூட்டருக்குள்ளேயே ஸ்கிரிப்ட் என்கிற சின்னக் கட்டளைப் பட்டியல் ஒன்றை எழுதி வைத்து, அதைக் குறித்த நேரத்தில் தானாக ஓடவிடலாம் என்று யாரோ இணையத்தில் எழுதியிருந்ததைக் குரலம்மா அப்போதுதான் படித்தார். லைன் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க அது வெளியே ஒரு கதவைத் தட்டும். பதில் வந்தால் சும்மா இருக்கும். வராவிட்டால் ரூட்டரை அணைத்து எழுப்பும். இங்கே நாலு வரி, அங்கே ரெண்டு வரி என்று எடுத்து ஒட்டினார். “பள்ளிக்கூடத்துலயும் நான் பக்கத்து பெஞ்சப் பாத்துதான் எழுதுவேன்” என்றார். எப்போது ஓட வேண்டும் என்று சொல்ல ஒரு வரி. அதில் வரிசையாக ஐந்து நட்சத்திரம் போட்டால் ‘நிமிஷத்துக்கு ஒருதரம்’ என்று பொருளாம். “அஞ்சு நட்சத்திர ஓட்டலுக்குத்தான் போகல. காவல்காரனாச்சும் அஞ்சு நட்சத்திரமா இருக்கட்டும்.”

காவல்காரன் முதல் நாளே காலை வாரிவிட்டான். லைன் விழுந்ததும் ரூட்டரை அணைத்து எழுப்பினான், சரி. எழுந்த ரூட்டர் கண்ணைக் கசக்கி லைனைப் பிடிப்பதற்குள் அடுத்த நிமிஷம் வந்துவிட்டது. தட்டினான், பதில் இல்லை, மறுபடி அணைத்தான். அது எழுவதும் இவன் படுக்கவைப்பதுமாகக் காலை முழுக்கப் போனது. “பாவம், தூங்க வுடு, இல்ல எழுந்திரிக்க வுடு” என்றார் வீட்டுக்காரர் கதவருகில் நின்று. கிடைத்த இடைவெளியில் குரலம்மா நுழைந்து, தப்பும் தவறுமாகத் தட்டி, ஒருவழியாக அதை நிறுத்தினார். அன்று வேலைக்கு விடுப்பு.

துணி துவைத்துக்கொண்டே யோசித்தாராம். “விழுந்தப்புறம் தூக்கிவிட்டு என்ன தம்பி பிரயோஜனம்? பேச்சு அறுந்தது அறுந்ததுதான். விழப்போகுதுன்னு முன்னாடியே சொல்லணும்.” லைன் சாவதற்கு முன் கொஞ்ச நேரம் நொண்டுவதைக் கவனித்திருந்தார். பத்து முறை தட்டினால் இரண்டு மூன்றுக்குப் பதில் வராது. எனவே அணைக்கிற வரியை எடுத்துவிட்டார். நொண்டல் தெரிந்தால் ரூட்டரின் ஓரத்து விளக்கைச் சிமிட்ட வைக்க மட்டும் சொன்னார். விளக்கு சிமிட்டினால், அடுத்த அழைப்பை எடுக்கும் முன் கைபேசியின் இணைப்புக்கு மாறிக்கொள்வார். லைன் இன்றைக்கும் சரியாகவில்லை. இவர் பார்த்துப் பார்த்து நடந்துகொள்கிறார், அவ்வளவுதான். ஒரு கண் விளக்கில், ஒரு காது நோயாளியிடம். வேலை முடிந்து வெளியே வரும்போது மூட்டை சுமந்தவர் போலக் கழுத்தைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறார்.

போன வாரம் விளக்கு சிமிட்டியது. கைபேசிக்கு மாறி அழைப்பை எடுத்தார். எப்படி இருக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்க, எதிரே ஒரு பெண் தமிழில் சொன்னாள்: “உடம்பு பரவால்ல டாக்டர். ஆனா அன்னிக்குப் போன்ல பேசின அம்மா, ‘பயந்த மாதிரி உங்க கட்டியில’ன்னு சொல்லிட்டு ஆளக் காணோம். வேற ஆள் வர்ற வரைக்கும், என் பிள்ளைங்கள யார்கிட்ட விடுறதுன்னு யோசிச்சுட்டு இருந்தேன். அந்தம்மா எனக்கு வேணாம்.”

“நீங்கதான் அதுன்னு சொல்லலையா அக்கா?” என்று கேட்டேன். மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

“சொல்லக் கூடாது தம்பி. அவங்க சொன்னத அப்படியே சொன்னேன். கூட்டவும் இல்ல, குறைக்கவும் இல்ல. ‘அந்தம்மா எனக்கு வேணாம்’னும் சொன்னேன்.”

அந்த அழைப்பில் அவர் அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான், கூடத்தில் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் “போச்சு! கோல் போடுற நேரம் பாத்து!” என்று கத்தினாராம். வீட்டு லைன் விழுந்துவிட்டது. குரலம்மாவின் அழைப்பு விழவில்லை.

“டாக்டர் ரொம்ப நல்லவரு. அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேட்டாரு. அத நான் தமிழ்ல சொல்லணும்ல?”

“என்ன சொன்னீங்க?”

கையிலிருந்த ஈரச் சட்டையை வாளியில் போட்டார். முழங்கை வரை வழிந்த தண்ணீரைப் புடவையில் துடைத்துக்கொண்டார். எதிரே வெறும் கொடிக்கயிறு. நேராக நிமிர்ந்து நின்று அதனிடம் சொன்னார்: “உங்களுக்கு அப்படி ஆனதுக்கு என்னை மன்னிச்சுக்கங்க.”

சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திருப்பவர் போலத் தலையைச் சாய்த்து அதற்குக் காது கொடுத்தார்.