கனகேஸ்வரி அக்காவின் லேஸ் லங்சீர்

எண்பத்தைந்தில் ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் என் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த கனகேஸ்வரி அக்கா, ஜன்னலுக்கு லங்சீர் வாங்க என்னைத்தான் டவுனுக்கு இழுத்துக்கொண்டு போனார். ஒரு ஜன்னல் துணிக்கு மூன்று சனிக்கிழமை! எனக்குப் பொறுமை ஏது?

"பத்மா, நான் பாக்கணும். என்னை யாரும் பாக்கக் கூடாது. அப்படி ஒரு துணி வேணும்லா."

யாரைப் பார்க்க என்று கேட்கத் தேவையில்லை. எதிர் புளோக்கில், அதே ஏழாவது மாடியில், தங்கை புஷ்பராணி இருந்தாள். மகள் கல்யாணப் பத்திரிகையைக் குங்குமத்தோடு நேரில் கொண்டுவராமல் தபாலில் போட்டவள். அதிலிருந்து ஐந்து வருஷமாகப் பேச்சில்லை. "ஸ்டாம்பு ஒட்டி அனுப்புறாளே, நான் என்ன கரண்டு பில் கட்டுற லைட் ஆபீசா?" என்பார் அக்கா. இப்போது தங்கைக்கு வயிற்றில் பெரிய ஆபரேஷன். தேறிவிட்டாளா என்று அக்காவின் மனம் கிடந்து அடித்துக்கொண்டது. நேரே போய்க் கேட்கலாமே? மாட்டார். ரோஷம்!

துணிக்கடை சிக்கந்தர் பாய் வெள்ளை லேஸ் துணியை விரித்தார். "இது போட்டா பகல்ல உள்ளே ஒண்ணும் தெரியாதுக்கா. ஆனா சாயங்காலம்..."

"வெட்டுங்க பாய்" என்றார் அக்கா.

அக்கா வீட்டில் விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு மூலைகூட இருட்டாக இருக்கக் கூடாது. லட்சுமி திரும்பிப் போய்விடுவாளாம். சாமி விளக்கை ஏற்றி, ஹாலில் இரண்டு டியூப் லைட்டையும் போட்டுவிட்டு, லேஸுக்குப் பின்னால் ஒளிந்து நின்றுகொள்வார். எதிர்வீட்டிலும் லைட் எரிந்தால்தானே தங்கை தெரிவாள்.

"இன்னிக்குச் சுவரைப் பிடிக்காம நடந்தா, பத்மா!"

ஒருநாள் விளக்கு வைத்த பிறகு ரவிக்கை தைக்கக் கொடுக்க எதிர் புளோக்குக்குப் போனவள், படியில் நின்று திரும்பிப் பார்த்தேன். அடக் கடவுளே! உள்ளே எரியும் லைட்டில் அக்காவின் கொண்டை, மூக்குக்கண்ணாடி, இடுப்பில் வைத்த கை, அத்தனையும் பளிச்சென்று தெரிகிறது. சொன்னால் தடித்த துணி மாட்டிவிடுவார். அப்புறம் தங்கையை எப்படிப் பார்ப்பார்? வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?

என் கோபமெல்லாம் புஷ்பராணி மேல்தான். ஒரு வருஷமாகியும் அவள் ஜன்னலில் ஒரு முழத் துணி இல்லை. சரியான கஞ்சம் என்று திட்டித் தீர்த்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை நான் அக்கா வீட்டில் இருந்தபோது கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால், குங்குமச் சிமிழோடு புஷ்பராணி!

"ஞாயித்துக்கிழமை பேரனுக்குப் பேர் வைக்கிறோம்க்கா. நேர்லயே கூப்பிட வந்தேன். தினமும் அவ்வளவு நேரம் நிக்கிறியே, கால் வலிக்கலையா?"

அக்காவின் முகம் செத்துவிட்டது. "யாரு நின்னா? நான் மலையைப் பாத்துக்கிட்டிருந்தேன்."

"மலை பின்னால, உன் குசினிப் பக்கமில்ல இருக்கு?"

நான் சிரித்துவிட்டேன். அக்கா என்னை முறைத்தார், பிறகு தங்கையை முறைத்தார். "உனக்கு மட்டும் அறிவிருக்கா? ஜன்னலுக்கு ஒரு லங்சீர் போடாம, ஊரே பாக்குற மாதிரியா உக்காந்திருப்ப?"

"போட்டா நீ எப்படிக்கா என்னைப் பாப்ப?"

அக்கா கண்ணை மூடி நெற்றியை நீட்டினார். புஷ்பராணி குங்குமம் வைத்து முடித்த பிறகும் அக்கா கண்ணைத் திறக்கவில்லை.