புறங்கையும் வெள்ளைக் கிரீமும்

குழந்தையைக் கழுவித் துடைத்த கையோடு கிரீமை எடுப்பதுதான் எல்லோருக்கும் வழக்கம். அவள் எடுக்க மாட்டாள். ஈரத்தை ஒற்றி எடுத்த பிறகு, தன் புறங்கையைக் குழந்தையின் தோலில் வைத்து, கூரையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நிற்பாள். காய்ந்துவிட்டது என்று புறங்கை சொன்னால்தான் டப்பா திறக்கும். பதினோரு வருடமாக இதே கதை. "என்ன, ஜோசியம் பாக்கறியா?" என்று சமையல்காரம்மா கேட்பாள். குழந்தைகள் காப்பகத்தில் அவளுக்குப் புறங்கை என்றே பெயர் விழுந்துவிட்டது.

தையல் தொழிற்சாலையின் பின்பக்கத்தில், அங்கே வேலை செய்யும் தாய்மார்களின் குழந்தைகளுக்காக இருந்தது அந்தக் காப்பகம். ஆறு தொட்டில், ஒரு நீள மேசை, ஒரு குழாய். காலையிலிருந்து ஒரு மணி வரை புறங்கை. அதற்குப் பிறகு அவளுடைய நாத்தனார், கணவனின் அக்கா. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன புறங்கையை மேற்பார்வையாளரம்மாவிடம் கூட்டிப்போய் வேலையில் சேர்த்துவிட்டவளும் அவள்தான். அதை வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிக்காட்டாமல் இருந்ததில்லை.

மூன்றாம் தொட்டிலில் ஏழு மாதப் பெண் குழந்தை. காலர் தைக்கிறவளின் தலைச்சன். சேர்ந்த இரண்டாவது வாரமே டயப்பர் படுகிற இடமெல்லாம் சிவந்துவிட்டது. புறங்கை தன்னால் ஆனதெல்லாம் செய்தாள். இரண்டு மணிக்கொரு தரம் மாற்றினாள். காயவிட்டாள். வெள்ளைக் கிரீமைக் கண்ணுக்குத் தெரிகிற படலமாகப் பூசினாள். மதியம் விட்டுப்போகும்போது சிவப்பு வாடியிருக்கும். மறுநாள் காலையில் பார்த்தால் பழையபடி கன்றிக் கிடக்கும். சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு.

ஒரு திங்கட்கிழமை காலை தாய்க்காரி பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, டயப்பர் மாத்தறீங்களா, மாத்தினேன்னு வாயால சொல்றீங்களா? லீவு நாள்ல வீட்டுல நல்லாத்தான் இருக்கா. இங்க வந்தாத்தான் இந்தக் கோலம்."

"மாத்தறேம்மா" என்றாள் புறங்கை.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன். சரியாகலேன்னா வேலைய விட்டுட்டு புள்ளையோட வீட்டுல உக்காந்துடுவேன். வேற என்ன பண்றது?"

அன்று மதியம் புறங்கை சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் பாதி வழியில் திரும்பி வந்தாள். உள்ளே குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. மேசையருகே நாத்தனார், பாத்திரத்தில் பிடித்த கரியைத் தேய்ப்பதுபோல, ஈரத் துண்டால் அதன் தொடையிடுக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பவுடர் டப்பா.

"அண்ணி, தேய்க்காதீங்க அண்ணி."

"பின்ன? சுண்ணாம்படிச்ச சுவராட்டம் இருக்கு. அம்மாக்காரி கையில புள்ளைய மணக்க மணக்கக் குடுக்க வேணாமா?"

"அழுக்க மட்டும் ஒத்தி எடுத்தாப் போதும். அடியில இருக்கற கிரீம் அப்படியே இருக்கட்டும். ஈரம் தோல்ல படாம அதுதான் தடுக்குது."

"அடேங்கப்பா! டாக்டருக்குப் படிச்சிட்டு வந்துட்டா என் தம்பி பொண்டாட்டி. மூணு பெத்து வளத்தவளுக்கே பாடமா? டப்பாவ எடுத்துக்கிட்டு நடையக் கட்டு."

அவள் நடையைக் கட்டினாள். காலையெல்லாம் பார்த்துப் பார்த்துப் பூசியது மதியம் துண்டோடு போகிறது. யாரிடம் சொல்வது? சொன்னால் வீட்டில் காட்டிக்கொடுத்தவள் என்ற பேச்சு வரும். சொல்லாவிட்டால் அழுவது குழந்தை. செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் வாயை மூடிக்கொண்டு தன்னையே திட்டிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை குழந்தைக்குத் தோல் உரிந்திருந்தது. தாய்க்காரியின் கையில் மடித்த காகிதம். "வேலைய விடறேன்னு எழுதிட்டேன். மேற்பார்வையாளரம்மாகிட்ட குடுத்துட்டு வரேன். அதுவரைக்கும் இவளக் கொஞ்சம் பாத்துக்கோங்க."

புறங்கை தாய்க்காரியின் மணிக்கட்டைப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துப்போனாள். அவளுடைய புறங்கையில் கிரீமைப் பூசித் தண்ணீரைச் சொட்டவிட்டாள். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது. அடுத்து ஈரத் துண்டை எடுத்து அதே இடத்தில் அழுத்தித் தேய்த்தாள்.

"ஆ! எரியுதுங்க!"

"முதல்ல பாத்தீங்களே, அது காலைல நான் பூசறது. மத்தியானம் நடக்கறது இது."

தாய்க்காரி சிவந்த கையைப் பார்த்தாள், மேசைமேல் இருந்த பவுடரைப் பார்த்தாள். "இத அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?" என்று கத்திவிட்டு, காகிதத்தைக் கிழித்துப் போட்டாள். ஆனாலும் நடந்ததைச் சொல்ல மேற்பார்வையாளரம்மாவிடம் போனாள். சாயங்காலத்துக்குள் மேசைக்கு மேலே ஒரு தாள் ஒட்டப்பட்டது: 'கிரீமைத் தேய்த்து எடுக்கக் கூடாது. அழுக்கை மட்டும் ஒற்றி எடுக்கவும். தோல் காய்ந்த பின் மேலே பூசவும். பவுடர் வேண்டாம்.'

ஒன்பது நாளில் புண் ஆறியது. நாத்தனாரின் மனசு ஆறவில்லை. "சோறு போட்ட கையவே கடிச்சிட்டா" என்று உறவுக்காரர்களிடமெல்லாம் சொல்லிவிட்டாள். "ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டுடேன், என்ன குறைஞ்சிடும்?" என்கிறான் கணவன். எதற்கு என்று திருப்பிக் கேட்க வேண்டும் என்று தினமும் நினைக்கிறாள். இன்னும் கேட்கவில்லை.

இப்போது எட்டு மாதம் ஆகிறது. மூன்றாம் தொட்டில் குழந்தை எழுந்து நடக்கிறது. காலர் தைக்கிறவள் வேலையில்தான் இருக்கிறாள். புதிதாக வரும் தாய்மார்களிடம், "கிரீமத் தேய்க்கவே கூடாதும்மா, நான் எப்பவும் ஒத்தித்தான் எடுப்பேன்" என்று நாத்தனார்தான் விளக்குகிறாள். ஒரு மணிக்கு முறை மாறும்போது, எந்தக் குழந்தைக்கு மாற்றியாகிவிட்டது என்று புறங்கை விரலை நீட்டிக் காட்டுகிறாள். நாத்தனார் அந்த விரலை மட்டும் பார்க்கிறாள்.