டொக்டரம்மா ஆடச் சொன்னார்

அறுபத்தாறு வயதில் ஏன் ஆடத் தொடங்கினீர்கள் என்று கேட்டால், இராக்கம்மா பழியைத் தூக்கி டொக்டர் தலையில் போட்டுவிடுவார்.

ஹல்துமுல்லைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில் காலமெல்லாம் கொழுந்து பறித்தவர் அவர். மலை ஏறி இறங்கிய கால்கள், வேலையை விட்டதும் சோம்பிப்போயின. ஒருநாள், தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் வாசலில் தடுமாறி, தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்தார். எலும்பு தப்பியது. வத்தளையிலிருந்து ஓடிவந்த மகன் கஜேந்திரனிடமிருந்துதான் தப்ப முடியவில்லை.

"அடுத்த கிளினிக்ல டொக்டர் நல்லாருக்குன்னு சொன்னா இங்க இருங்க. இல்லாட்டி என்கூட வத்தளைக்குத்தான்."

மகனுடைய மாடி வீட்டில் ஒருமுறை பத்து நாள் இருந்து பார்த்தவர் இராக்கம்மா. பேச ஆளில்லாமல் அடுத்த கட்டடத்துச் சுவரோடு பேசிவிட்டு வந்தார்.

விழுந்த அன்று, மகன் வந்து சேருமுன், பதுளை கிளினிக்கில் அவரைப் பார்த்தவர் சின்ன வயது சிங்கள டொக்டரம்மா. கையை ஊன்றாமல் கதிரையிலிருந்து எழும்பச் சொன்னார், முடியவில்லை. ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார், மேசையைப் பிடித்துக்கொண்டார். குளிசை எழுதிக் கொடுத்துவிட்டு, தமக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில், "ஒவ்வொரு நாளும் நடங்க அம்மா" என்றார். முகக்கவசத்துக்குள் அந்த 'நடங்க' பாதி கரைந்து வெளியே வந்தது. கடைவீதிச் சிங்களத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்ற பெருமை இராக்கம்மாவுக்கு. அவர் காதில் அது 'நட்டன்ன' என்று விழுந்தது. சிங்களத்தில் அப்படியென்றால் 'ஆடு'.

"நடக்கத்தான் சொல்லியிருப்பாங்க புள்ள," என்றார் கணவர் சின்னராசா.

"நீங்க வந்தீங்களா? நான் ரெண்டு காதாலயும் கேட்டேன்."

மறுநாள் காலை ரேடியோவைத் திறந்துவிட்டு ஆடத் தொடங்கினார். முதலில் சின்னராசாவின் தோளைப் பிடித்துக்கொண்டுதான். பாட்டுக்கு ஆடினார், சவர்க்கார விளம்பரத்துக்கும் ஆடினார், மரண அறிவித்தலுக்கு மட்டும் மரியாதையாக நின்றார். பக்கத்துக் காம்பரா வீட்டுச் சுதர்ஷினி எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னா மாமி, கலியாணமா?"

"வைத்தியம்டி. நீயும் வா, இடுப்பு வலின்னு மூலிகை தேச்சுக்கிட்டே கெடக்குற."

சிரித்தவள் மூன்றாம் நாள் வந்துவிட்டாள். தூணாக நின்ற சின்னராசாவும் மெல்ல அசையத் தொடங்கினார். இடப்பக்கம் போக வேண்டிய நேரத்தில் வலப்பக்கம் போய் எல்லோரையும் இடித்தார்.

"பாட்டு ஒரு பக்கம் போவுது, மனுசன் ஒரு பக்கம் போறாரே!"

வாரங்கள் போகப் போக முழங்காலின் முறுமுறுப்பு குறைந்தது. படுத்ததும் தூக்கம் வந்தது. ஒருநாள், தன் கை சின்னராசாவின் தோளில் இல்லை என்பதை நடு ஆட்டத்தில்தான் இராக்கம்மா கவனித்தார்.

அடுத்த கிளினிக்குக்குக் கஜேந்திரன் வெறும் பை ஒன்றோடு வந்தான். அம்மாவின் சேலைகளை அடுக்க. இராக்கம்மா வழியெல்லாம் அந்தப் பையையே ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு வந்தார்.

டொக்டரம்மா எழும்பச் சொன்னார். கையைக் கட்டிக்கொண்டே எழும்பினார். ஒற்றைக் காலில் நின்றார். மேசை அதுபாட்டுக்கு இருந்தது.

"நல்லம்! எவ்வளவு தூரம் நடந்தீங்க?"

"எங்கயும் போகலைங்க. நீங்க சொன்ன மாதிரி ஆடுனேன்."

"ஆடினீங்களா? நான் நடக்கச் சொன்னேன், அம்மா."

கஜேந்திரன் நெற்றியில் அடித்துக்கொண்டான். இராக்கம்மா மறுபடி பையைப் பார்த்தார். "அப்ப… தப்பாப் பண்ணிட்டேனா?"

டொக்டரம்மா முகக்கவசத்தை இறக்கிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். தமிழும் சிங்களமுமாகக் கலந்து சொன்னார்: நடப்பதும் நல்லதுதான். ஆனால் ஆடும்போது கால் பக்கவாட்டில் போகிறது, உடம்பு திரும்புகிறது, அடுத்த அடி எது என்று மூளையும் வேலை செய்கிறது. தடுமாறினால் சமாளித்து நிற்கக் கால் பழகிக்கொள்கிறது. "விடாம ஆடுங்க. குளிசையையும் விட வேணாம்."

"அப்ப இவன்கூட வத்தளைக்குப் போகணுமா?" என்று கேட்டார் இராக்கம்மா, மகனைப் பார்க்காமல்.

"எதுக்கு? அம்மா இங்கேயே நல்லம்தானே," என்றார் டொக்டரம்மா.

கஜேந்திரன் வெறும் பையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டான்.

பஸ்ஸை விட்டிறங்கி லயத்துக்கு ஏறும்போது பாதி வழியிலேயே அவனுக்கு மூச்சு வாங்கியது. "அம்மா, கொஞ்சம் நில்லுங்க" என்று கல்லில் உட்கார்ந்துவிட்டான்.

மேலே போய்விட்ட இராக்கம்மா இடுப்பில் கை வைத்துத் திரும்பிப் பார்த்தார்.

"ஏன்டா, ஒனக்கு எந்த டொக்டரப் பாக்க நம்பர் எடுக்கட்டும்?"