கை வைத்த கதிரை

என்னைப் பிடிக்கத்தான் பொலிஸ் சார்ஜன் வருகிறார் என்று நம்பிக் கோழிக்கூட்டுக்குள் புகுந்த வீரன் நான். எண்பத்து மூன்று கலவரத்துக்கு அடுத்த வருஷம். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் வாடகை வீடியோ டெக்கும் ரீவியுமாக, அனுமதியில்லாமல் காசு வாங்கிப் படம் காட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பிற்பகல், சனம் கலைந்த பிறகு வாசற் படலையில் அவர் குரல். நான் மூச்சை அடக்கினேன், கோழிகள் அடக்கவில்லை.

“வெளியாலை வாரும் தம்பி. உதுகள் முட்டையிடட்டும்.”

சீருடை இல்லாமல் சாரத்தோடு வந்திருந்தார். வீட்டில் இருந்த ஒரே கை வைத்த கதிரையை அவர் உட்கார இழுத்துப் போட்டேன்.

“அந்தப் பொலிஸ் படத்திலை கோட்டுக் காட்சியை மட்டும் போடும்.”

காவலில் ஒருவனை அடித்துக் கொன்ற இன்ஸ்பெக்டர், சாட்சிக் கூண்டில் கைகளைப் பின்னால் கட்டி, மேற்சுவரைப் பார்த்தபடி, அவனாகவே விழுந்தான் என்பார். பிறகு ஓர் இளம் கான்ஸ்டபிள் ஏறி உண்மையை உடைப்பான். விசில் பறக்கும் இடம் அது.

சார்ஜனின் நிலையத்திலும் ஒருவன் செத்திருந்தான். சைக்கிள் களவென்று பிடிபட்டவன். சந்தையில் மீன் விற்கும் குருநகர் அக்காவின் மகன். மேலதிகாரி அடித்ததைக் கண்டவர் சார்ஜன் ஒருவர்தான் என்று ஊரே கதைத்தது. திங்கட்கிழமை விசாரணை.

திரும்பத் திரும்பப் பார்த்தார். கான்ஸ்டபிள் கூண்டை நெருங்கும்போதெல்லாம், “காணும், நிப்பாட்டித் திருப்பிப் போடும்” என்றார். கதிரையின் கைகளை இறுக்கிப் பிடித்திருந்தார்.

“எனக்கு உதிலை ஏறினாக் கை நடுங்கும் தம்பி. பிள்ளையள் இருக்கினம்.”

மனிதர் துணிவு தேடி வந்திருக்கிறார் என்று நான் உருகிப்போனேன். கோழி எச்சம் காயாத சட்டையோடு சந்தைக்கு ஓடினேன்.

“அக்கா, சார்ஜன் உண்மையைச் சொல்லப்போறார்!”

“மெய்யோ தம்பி? மாதாவே!” மீன் வெட்டிய கத்தியைக் கீழே வைத்தார். “என்ரை பிள்ளை தானா விழேல்லை எண்டு ஒருத்தர் சொன்னாலே எனக்குக் காணும்.”

அந்தக் கதிரை இன்னும் என்னிடம் இருக்கிறது. அதிலிருந்துதான் படம் பார்ப்பேன். பொலிஸ்காரன் கூண்டில் ஏறினால் நிறுத்திவிடுவேன். “முடிவு தெரியாமல் என்ன படம் பாக்கிறியள்?” என்பாள் மனைவி.

அந்தத் திங்கட்கிழமை விசாரணையில் நானும் அக்காவும் கடைசி வாங்குப் பலகையில் இருந்தோம். சார்ஜன் கூண்டில் ஏறினார். கைகளைப் பின்னால் கட்டினார். மேற்சுவரைப் பார்த்தார். “படியில் வழுக்கித் தானாக விழுந்தவன்” என்றார்.

கை நடுங்கவில்லை.